அறுந்து போகும் இணைப்பும் அதன் காரணங்களும்



இணையம் உலகத்தையே நமது மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது என்று பேச்சுப் போட்டிகளிலே முழங்குகின்றோம். ஆனால், தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தை நாடும் வீடுகளில் அந்த உலகம் ஐந்து நிமிடம் தோன்றுவதும் பின்னர் மறைவதுமாக இருப்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. வாப்பா கடல் கடந்து தொழில் செய்பவர். வாரந்தோறும் அவரது மின்னஞ்சலுக்காகக் காத்திருப்போம். கடிதம் பாதி வந்துகொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடும். மறுபடியும் டயல் செய்வோம்; மறுபடியும் அறும். மாத முடிவில் தொலைபேசிப் பட்டியல் வந்தது. “பில் ரெண்டு மடங்கு வந்திருக்கு மகள். இந்த மாசத்தோட இன்டர்நெட்ட நிப்பாட்டிடுவோம்” என்றார் உம்மா. கணனி திருத்துபவரோ, “மோடம் பழுது, புதிசு போடணும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் உம்மாவிடம் ஒரு கிழமை தவணை கேட்டேன். அந்த ஒரு கிழமையில் நான் கற்றவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

மோடம் செய்யும் வேலை

கணனி பேசுவது 0, 1 என்ற இலக்க மொழி. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸ் முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான மீடிறனுள்ள ஒலிகளையே அது கொண்டுசெல்லும். எனவே இலக்கங்களை ஒலியாக மாற்றி அனுப்பவும், வரும் ஒலியை மீண்டும் இலக்கங்களாக மாற்றவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அவரே மோடம். டயல் செய்தவுடன் நாம் கேட்கும் கீச்சொலி, எமது மோடமும் மறுமுனையிலுள்ள மோடமும் எந்த வேகத்தில் பேசலாம் என்று செய்துகொள்ளும் உடன்பாடாகும்.

பெட்டியின் மீது 56 கே என்று அச்சிட்டிருப்பார்கள். 1998 இல் வெளியான வி.90 என்ற நியமத்தின்படி தரவு நம்மை நோக்கி வருவதற்கான உச்ச வேகமே அது. நாம் அனுப்பும் வேகம் செக்கனுக்கு 33,600 பிட்டுகளுக்கு மேற்படாது. கம்பியில் இரைச்சல் இருந்தால் இரு மோடங்களும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேச முயலும். எவ்வளவு குறைத்தும் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காவிடின் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே, இணைப்பு அறுவதெல்லாம் மோடத்தின் குற்றமல்ல.

முதலில் ஒரு கொப்பி

வைத்தியர் மருந்து எழுதுவதற்கு முன் “காய்ச்சல் எப்போது வருகிறது?” என்று கேட்கின்றார் அல்லவா? அவ்வாறே நானும் ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் வரைந்தேன். இணைந்த நேரம், அறுந்த நேரம், அப்போது வீட்டில் நடந்தது ஆகிய மூன்றுமே அவை. நோய் எங்கே என்பதை இந்தக் கொப்பியே காட்டித் தரும்.

1. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரத்தில், அதுவும் நாம் ஒன்றும் செய்யாமல் வாசித்துக்கொண்டிருக்கும்போது அறுந்தால், அது பழுதல்ல, கட்டளை. விண்டோஸ் 98 இல் கன்ட்ரோல் பெனலில் மோடம் பகுதிக்குச் சென்றால், குறித்த நிமிடங்கள் சும்மா இருந்தால் அழைப்பைத் துண்டிக்கும்படி ஓர் அடையாளம் இடப்பட்டிருக்கக் காணலாம். இதுபோன்ற ஏற்பாடு இணையச் சேவை வழங்குநரிடமும் இருக்கலாம்.

2. யாராவது அழைக்க முயன்ற வேளையில் அறுந்தால், காத்திருக்கும் அழைப்பை அறிவிக்கும் வசதியே காரணம். அந்தச் சிறு ‘பீப்’ ஒலி மோடங்களின் பேச்சைக் குழப்பிவிடும். அவ்வசதியைத் தற்காலிகமாக நிறுத்தும் இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டறிந்து, டயல் செய்யும் இலக்கத்துக்கு முன்னே சேர்த்துவிடலாம். மோடம் சற்றுப் பொறுமையாக இருக்கச் செய்யவும் வழியுண்டு. பல மோடங்களில் எஸ்10 என்ற பதிவு, மறுமுனைக் குரல் மறைந்தபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைச் செக்கனின் பத்திலொரு பங்குகளில் குறிக்கும். அதற்கு 50 என்ற பெறுமானத்தைக் கொடுத்தால் 5 செக்கன் காத்திருக்கும்.

3. வீட்டிலுள்ள இன்னொரு தொலைபேசியை எவராவது தூக்கியபோது அறுந்தால் விடை வெளிப்படை. ஒரே கம்பியில் உள்ள எல்லாத் தொலைபேசிகளையும் கழற்றிவிட்டு மோடத்தை மாத்திரம் இணைத்துப் பாருங்கள்.

4. மழை நாட்களில் மாத்திரம் அறுந்தால், வெளியே எங்கோ ஒரு பொருத்தில் ஈரம் புகுந்திருக்கலாம் அல்லது செம்பு பச்சை பிடித்திருக்கலாம். இதற்கு ஓர் எளிய பரிசோதனை உண்டு. சாதாரணத் தொலைபேசியைத் தூக்கி ஓர் இலக்கத்தை மாத்திரம் அழுத்துங்கள். டயல் ஒலி நின்று சில செக்கன்கள் அமைதி நிலவும். அந்த அமைதியில் பொரிவது போலவோ இரைவது போலவோ கேட்டால் கம்பியில் குறையுண்டு.

5. கணனியில் பெரிய வேலைகள் நடக்கும்போது அறுந்தால், அது மென்பொருள் மோடமாக இருக்கலாம். உட்புறம் பொருத்தப்படும் மலிவான மோடங்கள் பல, தமது வேலையின் பெரும்பகுதியைக் கணனியின் செயலியிடமே ஒப்படைக்கின்றன. செயலி களைத்தால் மோடமும் தடுமாறும். தேவையற்ற செய்நிரல்களை மூடுவதும், மோடத்துக்குரிய புதிய இயக்கியை நிறுவுவதும் பயன் தரும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

ஆர்வத்தில் நான் முதல் நாளிலேயே மூன்று மாற்றங்களைச் செய்தேன். இணைப்பு சற்றுச் சீரானது. ஆனால் எதனால் சீரானது என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு மாறியை மாத்திரம் மாற்றி ஏனையவற்றை மாறாது வைக்க வேண்டும் என்று நாம் படிப்பது பரீட்சைக்காக மட்டுமல்ல என்பது அன்றுதான் விளங்கியது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன்.

கொப்பியின் மூன்றாவது நிரலில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: “தம்பி அறைக்குள் வந்தான்”. தம்பியிடம் என்ன குற்றம் என்று யோசித்தேன். பிறகுதான் கண்டேன். வரவேற்பறையிலிருந்து கணனி வரை இழுத்திருந்த நீண்ட தட்டை வயர் கதவின் அடியால் சென்றது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது நசுங்கியது. மேலுறை தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. கணனி மேசையைத் தொலைபேசிப் பெட்டியின் அருகே நகர்த்தி, ஒரு சிறிய புதிய வயரைப் பொருத்தினேன். மோடத்தில் கை வைக்கவே தேவைப்படவில்லை.

அன்றிரவு வாப்பாவின் கடிதம் புகைப்படத்துடன் முழுமையாக வந்தது. உம்மா திரையைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். பின்னர், “சரி, இருக்கட்டும்” என்றார். இணையத்தையா, புகைப்படத்தையா சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தோழியரே, இறுதியாக ஒரு வார்த்தை. இடி மின்னல் வேளையில் மின்சாரச் செருகியை மட்டும் கழற்றினாற் போதாது. தொலைபேசி வயரையும் மோடத்திலிருந்து கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும். அப்போது மாத்திரம், “மோடம் பழுது” என்ற திருத்துபவரின் வார்த்தை உண்மையாகிவிடும்.