குதிரைக்குக் கைவைத்தியம்

மனிதர் தமக்குற்ற நோவை வாய் திறந்து சொல்லுவர், குதிரைக்கு அவ்வாய்ப்பில்லை. ஆகையால் அதன் நோயை அறிதற்குக் கண்ணுக்கு அடுத்தபடி உதவுவது வளர்ப்பவனுடைய கையேயாம். உடலின் சிற்சில இடங்களை விரலால் அழுத்தி நலஞ்செய்யும் அக்குபிரஷர் என்னும் முறையைக் குதிரைகளுக்குங் கையாளுதல் இந்நாளிற் பல தேயங்களிலும் காணப்படுகின்றது. அதன் பயனும் எல்லையும் யாவையென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் தாம்பரத்தை அடுத்த ஊர்களுக்குக் குதிரை புதிதன்று. கிண்டியில் 1777ஆம் ஆண்டிலேயே பந்தய வெளி ஏற்பட்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1903ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று சைதாப்பேட்டையில் ‘டாபின் ஹால்’ என்னும் சிறு கட்டடத்தில் 20 மாணாக்கருடன் தொடங்கிப் பின்னரே வேப்பேரிக்குச் சென்றது. டாபின் என்பது ஆங்கிலேயர் வண்டிக்குதிரைக்கு இடும் செல்லப்பெயர், தற்செயலாயினும் பொருத்தமே! இதற்கு நெடுங்காலம் முன்னர், 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் வழியாய் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய குதிரைகள் பேணும் வகை அறிவாரின்மையால் விரைவில் மடிந்தன என்று எழுதிவைத்தார்.

சீன தேசத்திற் குதிரை வைத்தியம் மிகப் பழையது. யூ என்னும் குடும்பத்துச் சகோதரர் இருவர் இயற்றிய குதிரை மருத்துவ நூல் 1608இல் வெளிவந்தது. ஊசி குத்தும் அப்பழைய முறையின் வழிவந்த மெல்லிய கிளையே விரலழுத்தம். ஆயினும் இன்று விற்கப்படும் படங்களை அப்படியே நம்புதல் தகாது. மனித உடலுக்கு வகுத்த கோடுகளைக் குதிரையின்மேல் வரைந்து, ‘பித்தப்பைக் கோடு’ என்றும் ஒன்று காட்டுவர். குதிரைக்கோ பித்தப்பையே கிடையாது!

அங்ஙனமாயின் இம்முறை முழுதும் வீணோ எனின், அன்று. பிரான்சு தேசத்துக் காமார்க் குதிரைகளை ஆராய்ந்தோர் 1993இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். குதிரைகள் ஒன்றையொன்று பல்லாற் கோதும் இடமாகிய கழுத்தடியை, முதுகு தொடங்கும் எலும்பு மேட்டுக்கு முன்னாகக் கையாற் கோதிவிட, அவற்றின் இதயத்துடிப்புத் தணிந்தது; வேறோரிடத்திற் கோத, தணியவில்லை. ஆகவே அவ்விடத்தை முதலில் உள்ளங்கையாலும் பின் பெருவிரலாலும் மெல்ல அழுத்துதல் அஞ்சிய குதிரையை அமைதிப்படுத்தும். கீழுதடு தளர்ந்து, கண் மெத்தென்றாகி, வாய் மெல்லத் தொடங்கின் அது சுகங் கண்டதென அறியலாம். செவியைப் பின்மடித்து வாலை வீசுமாயின் கையை உடனே எடுத்துவிடவேண்டும். பக்கவாட்டில் நின்றே செய்க. புண்ணிலும் வீக்கத்திலும் அழுத்தற்க. சினைக்குதிரையை மருத்துவரைக் கேளாமல் தொடற்க.

பல்லாவரத்தில் திருமண ஊர்வலத்திற்குக் குதிரை விடும் பெரியவர் ஒருவரை நாம் கண்டு பேசினோம். நாள்தோறும் இரவில் தம் குதிரையைத் தேய்த்துவிடுவது அவர் வழக்கம். ஒருநாள் மாலை அது தீனியை விட்டு, முன்காலால் நிலத்தைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். வயிற்றுச் சூலையின் குறிகள் இவையே. குதிரைக்கு வாந்தியெடுக்க இயலாதாகையால் இரைப்பை உப்பி வெடித்தலும் உண்டு. பெரியவர் யாரோ சொன்ன இடங்களை அழுத்திக்கொண்டே இரண்டு மணி நேரத்தைப் போக்கிவிட்டார். பிறகு வந்த மருத்துவர் மூக்கின் வழியே குழாய் செலுத்தி வாயுவை வெளியேற்றியிராவிடில் அவ்வுயிர் பிழைத்திராது. இதனைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இப்பொழுதும் அவர் தேய்த்துவிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் முதலில் நாடி பார்க்கின்றார். ஓய்ந்து நிற்கும் குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை துடிப்பு இருக்கலாம். ஓய்விலும் 60ஐத் தாண்டுமாயின் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. “இங்கே வையுங்கள், தம்பி” என்று எம்மில் ஒருவர் விரலைப் பிடித்துக் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் அழுத்தினார். கடிகாரத்தை வைத்து எண்ணினோம், 36 இருந்தது.