படகை இழுக்கும் வாகனம்

பாய்மரப் படகு என்றதும் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் படகே நம் நினைவுக்கு வரும். ஆனால், அமெரிக்காவில் பலர் தங்கள் பாய்மரப் படகை வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கின்றனர். அதனால் படகுத்துறைக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை. விடுமுறை வந்ததும் படகை டிரெய்லரோடு காரின் பின்னால் பூட்டி, ஏரிக்கோ கடற்கரைக்கோ இழுத்துச் செல்வார்கள். இவ்வாறு இழுத்துச் செல்லத்தக்க படகுகளுள் புகழ்பெற்றது கேட்டலினா 22. பிராங்க் பட்லர் வடிவமைத்த இப்படகு, 1969ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வெளிவரத் தொடங்கியது. இதுவரை 15,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன.

இப்படகை எந்தக் காரால் இழுக்க முடியும்? இக்கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினின் வலிமையைப் பற்றியே பேசுவார்கள். சமதளச் சாலையில் ஒன்றரை டன் எடையை நகர்த்துவது இன்றைய எஞ்சின்கள் பலவற்றுக்குப் பெரிய காரியமன்று. நகரும் அந்த எடையை நிறுத்துவதும் அலையாமல் நேராகச் செல்ல வைப்பதும்தான் கடினம்.

எனவே, முதலில் படகின் எடையை அறிய வேண்டும். கேட்டலினா 22இன் எடை ஏறத்தாழ 1,020 கிலோகிராம். இது வெறும் படகின் எடை மட்டுமே. டிரெய்லர் 380 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மோட்டார், மின்கலம், நங்கூரம், சங்கிலி, பாய்கள், எரிபொருள், குடிநீர், சமையல் பொருள்கள் ஆகியவற்றுக்கு 200 கிலோவைச் சேர்த்தால், மொத்தம் 1,600 கிலோ ஆகிவிடும். இதையும் கணக்கோடு விட்டுவிடாமல், எல்லாவற்றையும் ஏற்றியபின் லாரிகளை எடைபோடும் மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதே நல்லது.

அடுத்தது வாகனம். ஒவ்வொரு வாகனமும் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பது அதன் கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். மாதிரியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அமெரிக்காவில் விற்கப்படும் ஹோண்டா பைலட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இருசக்கர இயக்க வகை 3,500 பவுண்டு, அதாவது 1,588 கிலோ வரை இழுக்கலாம். நான்கு சக்கர இயக்க வகைக்கோ வரம்பு 5,000 பவுண்டு. அது 2,268 கிலோவாகும். தோற்றத்தில் இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை. நம் படகின் 1,600 கிலோ, முதல் வகையின் வரம்பை 12 கிலோ தாண்டிவிடுகிறது. ‘பன்னிரண்டு கிலோதானே!’ என்று தோன்றலாம். ஆனால், காரில் ஆட்களும் பெட்டிகளும் கூடக்கூட அது இழுக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும். நால்வர் கொண்ட குடும்பம் ஏறி, பயணப்பைகளையும் வைத்துவிட்டால், தாண்டிய எடை 12 கிலோவோடு நிற்காது.

மொத்த எடையைப் போலவே, அது எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். டிரெய்லரின் முன்முனை, வாகனத்தின் பின்னால் உள்ள எஃகு உருண்டையின்மீது அழுத்தும் எடையை முனை எடை என்போம். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 160 கிலோ அங்கே இருக்க வேண்டும். அது காரின் வாலில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பதைப் போன்றது. முனை எடை மிகுந்தால் காரின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும். குறைந்தாலோ ஆபத்து இன்னும் பெரிது. காற்றோ கடந்து செல்லும் லாரியோ சற்றுத் தள்ளினாலும் டிரெய்லர் ஊசலைப் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடினால் ஆட்டமும் கூடும். அவ்வேளையில் முடுக்கியிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையும்வரை ஸ்டீரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும்.

பாய்மரப் படகில் இச்சிக்கல் எளிதில் வந்துவிடும். மோட்டார் படகின் பின்முனையில் தொங்குகிறது. அறிவியல் பாடத்தில் படித்த நெம்புகோல் விதியை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். 30 கிலோ மோட்டார், சக்கர அச்சிலிருந்து 2.5 மீட்டர் பின்னால் இருக்கிறது; உருண்டை 5 மீட்டர் முன்னால் இருக்கிறது எனக் கொள்வோம். மோட்டார் மட்டுமே முனை எடையில் 15 கிலோவைக் குறைத்துவிடும். அதைக் கழற்றிக் காரில் வைத்தால் அந்த 15 கிலோ மீண்டும் முனைக்கு வந்துவிடும். ஆனால், மோட்டாரின் 30 கிலோ இப்போது காரின் சுமையில் சேர்ந்துவிடுகிறது!

வாகனத்தையும் டிரெய்லரையும் இணைக்கும் அமைப்பு ஹிட்ச் எனப்படும். அமெரிக்காவில் இது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதல் வகுப்பு 2,000 பவுண்டையும், இரண்டாம் வகுப்பு 3,500 பவுண்டையும் தாங்கும். நம் படகுக்கு மூன்றாம் வகுப்பே பொருந்தும். அதற்காக, 3,500 பவுண்டு காரில் மூன்றாம் வகுப்பு ஹிட்சைப் பொருத்திவிட்டால் அந்தக் கார் கூடுதலாக இழுக்காது. கார், ஹிட்ச், உருண்டை ஆகியவற்றுள் எதன் வரம்பு மிகக் குறைவோ அதுவே எல்லாவற்றுக்கும் வரம்பு.

உருண்டையின் அளவில் பலர் கவனக்குறைவாக இருக்கின்றனர். 47.6 மில்லிமீட்டர், 50.8 மில்லிமீட்டர் ஆகிய இரண்டு அளவுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரிய அளவுக்கான கவ்வியில் சிறிய உருண்டையை மாட்டினால், அது பூட்டிக்கொண்டதைப் போலவே தோன்றும். சாலையின் மேடுபள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடும். ஆகவே, பூட்டியபின் டிரெய்லரின் முன்முனையை ஜாக்கியால் சற்று உயர்த்திப் பார்க்க வேண்டும். காரின் பின்பகுதியும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரியாக உள்ளது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் முனையின் அடியில் குறுக்காக மாட்டுவது வழக்கம். கவ்வி கழன்றாலும், முனை தரையில் விழாமல் அச்சங்கிலிகள் தொட்டிலாகத் தாங்கும்.

இவ்வளவு எடைக்கு டிரெய்லருக்கும் தனிப் பிரேக் தேவை. 3,000 பவுண்டுக்கு மேற்பட்டால் அது கட்டாயம் என்பது அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டம்.

கடைசிச் சோதனை, படகை இறக்கும் சரிவில் காத்திருக்கிறது. பாசி படிந்த அச்சரிவில் படகை மேலே இழுக்கும்போது, எடை காரின் பின்பக்கம் சாய்கிறது. முன்சக்கர இயக்கக் கார் என்றால், இழுக்க வேண்டிய சக்கரங்களே பிடியிழந்து சுழலும். நான்கு சக்கர இயக்க வாகனம் இங்கேதான் கைகொடுக்கிறது. மேலும், கீல் உள்ள படகு மிதப்பதற்கு மற்றப் படகுகளைவிட ஆழமான நீர் தேவை. அதற்காகக் காரையே நீருக்குள் செலுத்த வேண்டியதில்லை. சில டிரெய்லர்களின் முனையில் வெளியே இழுத்து நீட்டக்கூடிய இரும்புத் தண்டு ஒன்று இருக்கும். அதை நீட்டிக்கொண்டால், காரின் பின்சக்கரங்கள் நனையாமலே படகு மிதக்கத் தொடங்கும்.