ஊறுகாய்ப் புல்லும் அதிலிருந்து வடியும் சாறும்

கோடையில் பசுந்தீனி கிடைக்காமல், கறவை மாடுகள் வைக்கோலை மட்டுமே தின்று பால் வற்றிப்போவது நம் கிராமங்களில் வருஷந்தோறும் நிகழ்வதே. மழைக்காலத்திலோ புல்லும் சோளமும் தேவைக்கு மேல் வளர்ந்து, முற்றிச் சத்திழந்து வீணாகின்றன. மிகுந்த காலத்துத் தீனியைக் குறைந்த காலத்துக்குச் சேமித்து வைக்கும் உபாயமே ஊறுகாய்ப் புல், அதாவது சைலேஜ். இதன் செய்முறையை அநேகர் அறிவர். குழியிலிருந்து வடியும் சாற்றைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. அச்சாற்றினால் கிணற்றுக்கும் ஓடைக்கும் நேரக்கூடிய கேடு பெரிதாகையால், இரண்டையும் சேர்த்தே அறிவது அவசியம்.

1. புல் கெடாதிருக்கும் காரணம்

நறுக்கிய பசுந்தீனியைக் காற்றுப் புகாதபடி அழுத்தி மூடினால், அதில் இயற்கையாகவே உள்ள நுண்ணுயிர்கள் தீனியின் சர்க்கரையைப் புளிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பால் தயிராவதும் இவ்விதமே. புளிப்பு ஏறியதும் அழுகச் செய்யும் கிருமிகள் அடங்கிவிடும். காற்றுப் புகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் மிகுந்தால் துர்நாற்றமுள்ள ப்யூட்ரிக் அமிலம் உண்டாகி, மாடுகள் அத்தீனியை வெறுக்கும். ஆகவே காற்றும் மிகுந்த ஈரமுமே இதன் இரு சத்துருக்கள்.

2. சாறு வடிவது எதனால்?

குழியில் அழுத்தும்போது தீனியின் உயிரணுக்கள் உடைந்து நீர் வெளிப்படுகிறது. நூறு கிலோ புல்லில் ஈரம் நீங்கலாக உள்ள பொருள் 15 கிலோ மட்டும் இருக்குமானால், ஒரு டன்னுக்குச் சுமார் 175 லிட்டர் சாறு வடியும். அது 20 கிலோவானால் சாறு சுமார் 70 லிட்டராகக் குறையும். 25 கிலோவானால் 20 லிட்டருக்கும் குறைவே. 30 கிலோவுக்கு மேற்பட்டால் அநேகமாகச் சாறே வடியாது. வடியும் சாற்றில் பெரும்பகுதி முதல் பத்து நாட்களிலேயே வெளிவந்துவிடும்.

3. சாற்றின் கேடு

இச்சாற்றில் சர்க்கரை, அமிலம், புரதம் ஆகியவை மிகுந்துள்ளன. இது நீர்நிலையில் சேர்ந்தால், இதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிட, மீன்கள் மூச்சு முட்டி மடியும். ஒரு லிட்டர் சாறு இவ்வாறு 30 முதல் 80 கிராம் வரை பிராணவாயுவைச் செலவழிக்கவல்லது. வீட்டுச் சாக்கடை நீரைவிட இது நூறு முதல் இருநூறு மடங்குக்கும் அதிகம்.

உதாரணமாக, 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமுமுள்ள குழியில் சுமார் 5,400 கிலோ தீனி கொள்ளும். விரயம் போக, நான்கு பசுக்களுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 15 கிலோ வீதம் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு அது போதும். ஈரப்புல்லை உலர்த்தாமல் இக்குழியில் நிரப்பினால் 900 லிட்டருக்கு மேல் சாறு வடியும். அது ஓடையில் விழுந்தால், சுமார் 800 பேருள்ள ஒரு கிராமத்தின் ஒரு நாள் சாக்கடை முழுவதும் விழுந்ததற்குச் சமமாகும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980-களில் பண்ணைகளிலிருந்து வடிந்த இத்தகைய சாறு ஆறுகளில் மீன்களை மாய்த்தது. அதன்பின் 1991-ல் விதிகள் ஏற்பட்டன. புதிய சைலேஜ் களங்களின் தளம் சாறு கசியாததாக இருத்தல் வேண்டும். களம் நீர்நிலையிலிருந்து 10 மீட்டராவது விலகியிருத்தல் வேண்டும். 1,500 கன மீட்டர் வரையுள்ள களங்களில் ஒவ்வொரு 100 கன மீட்டருக்கும் 3 கன மீட்டர் கொள்ளும் சாற்றுத் தொட்டி அமைத்தல் வேண்டும் என அவை விதித்தன. மேற்கூறிய சிறு குழிக்கு இக்கணக்கின்படி 270 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டியதாகும்.

4. செய்யவேண்டியவை

சோளத்தைப் பூக்கும் தருணத்திலும் மக்காச்சோளத்தை மணி பால் பிடித்து இறுகும் தருணத்திலும் அறுக்க வேண்டும். கம்பு நேப்பியர் போன்ற புல்லை அறுத்து, சில மணி நேரம் வெயிலில் வாடவிட வேண்டும். நறுக்கிய தீனியைக் கையில் பிடித்து இறுகப் பிழிந்தால் விரலிடையே சாறு கசியலாகாது. கசிந்தால் இன்னும் வாட வேண்டுமென்று அறியலாம். மழை நாளில் குழி நிரப்புவது தகாது.

குழியை மேட்டு நிலத்தில், குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் அமைப்பது நலம். கசியாத தளத்தைச் சிறிது சரிவாக அமைத்து, அடியில் வைக்கோல் பரப்பினால் சாற்றில் ஒரு பகுதியை அது உறிஞ்சும். எஞ்சியது சரிவின் கோடியிலுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் சேரட்டும். சாறு அமிலமாகையால் இரும்பையும் சிமெண்டையும் அரிக்கும். பீப்பாய் நிரம்பி வழியுமுன் இறைத்துவிட வேண்டும்.

தீனியைப் படிப்படியாகப் போட்டு நன்றாக மிதித்து, பாலிதீன் விரிப்பால் மூடி, மேலே மண் பரப்ப வேண்டும். சுமார் 45 நாட்களில் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இனிய புளிப்பு வாசனையும் உள்ள தீனி கிடைக்கும். ஆழமான குழியில் கரியமில வாயு தேங்கக்கூடுமாதலால், மூடியைத் திறந்தவுடன் தனியாக உள்ளே இறங்குதல் ஆபத்து.

5. சாற்றின் உபயோகம்

சாற்றில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் உள்ளன. சம அளவோ அதற்கு மேலோ நீர் கலந்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவான தரிசில் பரவலாகத் தெளித்தால் எருவாகும். கலக்காமல் ஊற்றினால் பயிர் கருகும். மூடிய சாணித்தொட்டியில் ஒருபோதும் இதைக் கொட்டலாகாது. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு கிளம்பி உயிரைப் போக்கிவிடும்.

தீனி நறுக்கும் யந்திரம் ஒருவரால் வாங்க இயலாதாயின், பால் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் சேர்ந்து வாங்கி முறை வைத்து உபயோகிக்கலாம். குழிக்கு இடம் குறிக்கும்போதும் ஊரார் கூடிப் பார்ப்பது நன்று. குழி ஒருவருடையதாயினும் கிணற்று நீர் எல்லோருக்கும் உரியது. வடிந்தோடும் ஒவ்வொரு குடம் சாறும் மாட்டுக்குச் சேரவேண்டிய சத்தே. புல்லை வாடவைக்கும் அரை நாள் உழைப்பு பாலையும் காக்கும், குடிநீரையும் காக்கும்.