விலை கூடினால் பார்வை கூடுமா?

கண்புரை அறுவைக்கு நாள் குறித்ததும் மருத்துவமனைக் கவுன்சிலர் ஒரு விலை அட்டையை நீட்டுவார். சாதா லென்ஸ், மடிக்கும் லென்ஸ், இறக்குமதி லென்ஸ், மல்டிஃபோகல் என்று கீழே போகப் போகத் தொகை ஏறும். “அப்பாவுக்கு நல்லதாவே வெச்சிடுங்க” என்று மகன் கடைசி வரியைக் காட்டுவார். கண்ணுக்குச் சொந்தக்காரரான அப்பா பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் பேசியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: விலை உயர்ந்த லென்ஸ்தான் சிறந்தது.

உண்மை: மல்டிஃபோகல் லென்ஸ், கண்ணுக்குள் வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கிடுகிறது. கண்ணாடித் தேவை வெகுவாகக் குறையும். பலருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால், இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம். மங்கிய வெளிச்சத்தில் துல்லியம் சற்றுக் குறையும். ராத்திரியில் வண்டி ஓட்டுபவர் இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதானவர்களுக்கும், கண் அழுத்த நோய் முற்றியவர்களுக்கும் பொதுவாக இந்த லென்ஸைப் பரிந்துரைப்பதில்லை.

நம்பிக்கை: ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் சாதா லென்ஸ் (மோனோஃபோகல்) என்றால் படிக்கக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.

உண்மை: வழக்கமாகத் தூரப்பார்வைக்கு ஏற்ற பவரை வைப்பதால்தான் அப்படி. எந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். நாளெல்லாம் ஊசியில் நூல் கோக்கும் தையல்காரர் கிட்டப்பார்வைக்கு வைத்துக்கொண்டு, பஸ் போர்டு பார்க்க மட்டும் கண்ணாடி போடலாம். மைனஸ் பவர் உள்ள சிலர் ஆயுசு முழுக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேப்பர் படித்திருப்பார்கள். தூரத்துக்கு லென்ஸ் வைத்ததும் அந்த வசதி போய்விடும். ஸ்கேன் செய்து பவர் கணக்கிடும்போதே இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிலிண்டர் பவர் அதிகமிருந்தால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் பற்றியும் கேளுங்கள். அங்கே கூடுதல் செலவுக்கு நியாயம் உண்டு.

நம்பிக்கை: இலவச முகாமில் வைப்பது மட்டமான லென்ஸ்.

உண்மை: 1949-இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலில் பொருத்திய லென்ஸ் பி.எம்.எம்.ஏ. என்ற கெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. முகாமில் கெட்டி லென்ஸ் வைத்தாலும், அந்தப் பொருள் பல பத்தாண்டுகளாகச் சோதித்துத் தேறியது. கெட்டி லென்ஸை உள்ளே செலுத்தச் சற்றுப் பெரிய திறப்பு வேண்டும். மடிக்கும் லென்ஸுக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவான திறப்பே போதும். புண்ணும் சீக்கிரம் ஆறும். முக்கிய வேறுபாடு அதுதான். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் லென்ஸ் தயாரித்து விலையைப் பெருமளவு குறைத்தது. பல வெளிநாடுகளுக்கும் அந்த லென்ஸ் போகிறது. ‘இறக்குமதி’ என்ற முத்திரைக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

நம்பிக்கை: சில வருஷத்தில் லென்ஸ் கெட்டு, புரை திரும்ப வரும்.

உண்மை: லென்ஸ் ஆயுளுக்கும் இருக்கும். அதைத் தாங்கும் மெல்லிய உறைதான் சிலருக்கு மாதங்களோ வருஷங்களோ கழித்து மங்கும். யாக் லேசரால் அதில் சிறு துளையிட்டால் பார்வை தெளிந்துவிடும். வேலை சில நிமிடம்தான். அன்றே வீட்டுக்குப் போகலாம்.