படுக்கையறையில் நறுமண எண்ணெய்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

லாவெண்டர் எண்ணெய் தூக்க மாத்திரை அல்ல. அதைப் பற்றி நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றில் தெரியும் பலனும் மிதமானதுதான். படபடப்பு கொஞ்சம் அடங்கும், படுத்ததும் உடம்பு தளரும். மூக்கில் ஏறும் வாசனை, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. அதனால் தினமும் அதே நேரத்தில் அதே மணம் வந்தால், தூங்கும் வேளை வந்துவிட்டது என்று உடம்பு பழகிக்கொள்ளும். இந்த அளவுக்கு எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம் இருக்காது.

என் கவலை வேறு. சளி பிடித்த குழந்தை ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நம் வீடுகளில் கை போவது யூகலிப்டஸ் தைலத்துக்கும் கற்பூரத்துக்கும்தான். பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருப்பதால் அவற்றின் மேல் யாருக்கும் பயமில்லை. ஆனால் உண்மையில் பயப்பட வேண்டியவை அவைதான்.

செய்ய வேண்டியவை

• வாங்கும்போது லேபிளில் தாவரப் பெயரைத் தேடுங்கள். தூக்கத்துக்கு ஏற்ற லாவெண்டர், 'லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா'. ஜம்முப் பக்கம் பதர்வா மலைகளில் பயிராகும் லாவெண்டரின் எண்ணெய் இப்போது இங்கேயும் கிடைக்கிறது. 'லாவண்டுலா லாட்டிஃபோலியா' என்று போட்டிருந்தால் வேண்டாம். அதில் கற்பூரச் சத்தும் யூகலிப்டஸில் இருக்கும் சினியோலும் அதிகம்; தூக்கத்துக்கு உதவாது. தாவரப் பெயரே இல்லாமல் வெறுமனே 'லாவெண்டர் ஆயில்' என்றிருந்தால், அது செயற்கை வாசனைத் திரவியமாக இருக்கலாம்.

• விலையையும் பாருங்கள். சந்தனம், மல்லிகை, எலுமிச்சைப் புல் மூன்றையும் ஒரே விலைக்கு ஒருவர் விற்றால், முதல் இரண்டும் அசலாக இருக்க வழியில்லை. ஒரு கிலோ அசல் மல்லிகைச் சாறு எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். மல்லிகை மணம்தான் வேண்டுமென்றால் ஒரு முழம் சரம் வாங்கித் தலைமாட்டில் வையுங்கள்; சந்தேகமே இல்லாத சரக்கு அது. வெட்டிவேரை நனைத்து ஜன்னலோரம் வைப்பதும் அப்படித்தான்.

• மணத்தை அறையில் பரப்பும் டிஃப்யூசரில் 100 மி.லி. தண்ணீருக்கு மூன்று சொட்டு போதும். படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, படுக்கும்போது அணைத்துவிடுங்கள். கதவையோ ஜன்னலையோ கொஞ்சம் திறந்து வையுங்கள். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டித் துடைத்து வைக்காவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

• டிஃப்யூசர் இல்லாவிட்டால் நஷ்டமில்லை. ஒரு சொட்டைப் பஞ்சில் விட்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தால் போதும். தலையணையில் நேராக விட்டால் கறை படியும். இரவெல்லாம் கன்னத்தில் உரசிக்கொண்டும் இருக்கும்.

• காலிலோ கழுத்திலோ தடவ விரும்பினால், ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.) நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் மூன்று சொட்டு கலந்துகொள்ளுங்கள். அது ஏறத்தாழ ஒரு சதவீதம். முதல் தடவை முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

• சீசாவை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். லாவெண்டரில் இருக்கும் லினலூல் காற்றுபட்டால் மாறிப்போய்த் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும். திறந்து வருடக்கணக்கான சீசாவைத் தடவப் பயன்படுத்தாதீர்கள்.

செய்யக்கூடாதவை

• கொசு விரட்டி திரவம் தீர்ந்துபோன பாட்டிலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்து ஊற்றி, அதே இயந்திரத்தில் மாட்டாதீர்கள். வீடியோக்களில் இது பெரிய யோசனையாகச் சுற்றுகிறது. அந்தச் சூடும் திரியும் கம்பெனித் திரவத்துக்கென்று அமைக்கப்பட்டவை. கற்பூரம் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். தீப்பிடிக்காவிட்டாலும், மூடிய அறையில் இரவு முழுக்கக் கற்பூர ஆவியை எல்லோரும் சுவாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

• கற்பூரத்தைத் துணியில் முடிந்து குழந்தையின் கழுத்திலோ தொட்டிலிலோ கட்டாதீர்கள். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். சிறு குழந்தைக்கு வலிப்பு வரவைக்கலாம். கட்டியதை எடுத்து வாயில் வைத்துச் சப்பினால் ஆபத்து இன்னும் அதிகம். கற்பூரம், புதினா உப்பு, யூகலிப்டஸ் சேர்ந்த தைலங்களை 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தடவவே கூடாது. எந்த வயதுக் குழந்தையானாலும் மூக்கின் அடியில் தடவாதீர்கள். அந்தக் காரம் பட்டால் கைக்குழந்தைக்கு மூச்சே தடைபடலாம். சளிக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு போதும். மாமியாரோ அம்மாவோ "உனக்கெல்லாம் இதைத்தானே தடவினோம்" என்றால், கோபப்படாமல் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

• வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் யூகலிப்டஸ், கற்பூரம், ரோஸ்மேரி மூன்றையும் அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். தைலம் தடவியதாலும் முகர்ந்ததாலும் பெரியவர்களுக்கே வலிப்பு வந்ததை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் வலிப்பு வருகிறதென்றால், தலைவலித் தைலம் தடவும் பழக்கத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

• மணம் தெரியவில்லையே என்று மேலும் மேலும் சொட்டு விடாதீர்கள். சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடுவதால்தான் மணம் தெரிவதில்லை. எண்ணெய் அறையில்தான் இருக்கிறது. காலையில் தலை கனத்து எழுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

• புதினா எண்ணெய் படுக்கும் வேளைக்கு வேண்டாம். அது விழிப்பூட்டும்.

• ஆஸ்துமா இருப்பவர் படுக்கும் அறையில் எந்த எண்ணெயும் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பூனை வளர்ப்பவர்களும் டிஃப்யூசரைத் தவிருங்கள். இந்த எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

• குறட்டையும் மூச்சுத் திணறலுமாக எழுபவரும், வாரத்தில் மூன்று இரவு வீதம் மூன்று மாதமாகத் தூக்கம் வராதவரும் எண்ணெயை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. மருந்தில்லாமல் தூக்கப் பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சை இருக்கிறது. நீண்ட நாள் தூக்கமின்மைக்கு டாக்டர்கள் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

• பாலிலோ வெந்நீரிலோ சொட்டு விட்டுக் குடிக்காதீர்கள். ஜெர்மனியில் பதற்றத்துக்கு லாவெண்டர் கேப்ஸ்யூல் தருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது அளவெடுத்துத் தயாரித்த மருந்து. கடையில் வாங்கும் சீசா அது அல்ல.

• குழந்தை எண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாலும் கொடுக்க வேண்டாம். 'நன்றாகத்தானே விளையாடுகிறது' என்று காத்திருக்காதீர்கள். கற்பூரமும் யூகலிப்டஸும் சில நிமிடங்களிலேயே வலிப்பில் கொண்டுபோய் விடலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்தச் சீசாவையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே போனது எது, எவ்வளவு என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் கணிப்பார்.