மூணு மாசம் வெளிநாடு: வீட்டைப் பூட்டும் முன் சில பயனுள்ள குறிப்புகள்

மகள் சிங்கப்பூரில், தம்பி துபாயில் என்று வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கும் காலம் இது. வேலைக்கு ஒரு நீண்ட லீவு போட்டுவிட்டு நிதானமாகப் போய்வரும் ஆசை நம்ம திருவண்ணாமலைக்காரர்களுக்கும் வந்துவிட்டது. அதற்குப் பாடம் சொல்லித்தர ஆட்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள். கார்த்திகை தொடங்கி மாசி வரை செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம், மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

1. டிக்கெட்டைப் பார்க்கும் முன் லீவைப் பாருங்கள். அரசு ஊழியர், ஆசிரியர் என்றால் லீவு வேறு, வெளிநாடு போக துறை அனுமதி வேறு. கோப்பு மேசை மேசையாக நகர வேண்டும் என்பதால் மூன்று நான்கு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தனியார் வேலை என்றால் 'இன்ன தேதியில் பணிக்குத் திரும்புவார்' என்ற வரியோடு கடிதம் கேட்டு வாங்குங்கள், விசா கொடுப்பவர்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

2. சம்பளமில்லா லீவு என்றால் கம்பெனி மெடிக்ளைம் அந்த மாதங்களிலும் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரும் அதே பாலிசியில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

3. பணம் சேர்ந்தபின் போகலாம் என்றால் நாள் தள்ளிக்கொண்டே போகும். கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதி தினம் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கிப் போய்வந்து, கடையில் உழைத்து அடைத்து, மறுபடி கிளம்பி, இப்படியே 26 நாடுகள் பார்த்தார்கள். கடன் நமக்கு வேண்டாம். சம்பளம் விழுந்த மறுநாளே பிடித்துக்கொள்ளும்படி வங்கியில் ஓர் ஆர்.டி. போட்டு, அது முதிரும் மாதத்துக்குப் பயணத்தை வையுங்கள்.

4. பாஸ்போர்ட்டில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பல நாடுகள் குறைந்தது 6 மாதம் செல்லுபடி மிச்சம் இருக்கவேண்டும் என்கின்றன. புதுப்பிக்கும்போது 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. நாடு நாடாகச் சுற்றும் எண்ணம் இருந்தால் அந்த 500 ரூபாயைப் பார்க்காதீர்கள்.

5. இனிஷியல் வைத்துப் பெயர் எழுதும் நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் சில நாடுகள் இழுத்தடிக்கும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசா இல்லை என்றே சொல்லிவிட்டு, அப்பா பெயர் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் கொடுத்தது. புதுப்பிக்கும்போதே அப்பா பெயரையோ கணவர் பெயரையோ அந்தக் கட்டத்தில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. டிக்கெட்டிலும் எழுத்து மாறாமல் அதே பெயர்.

6. பாஸ்போர்ட்டுக்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, வேலூர் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. விசாவுக்கு மட்டும் சென்னை போகவேண்டி வரும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கினால் ஒரே காரில் போய்வந்துவிடலாம்.

7. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம்; மூன்று மாதம் என்பது 92 நாளாகவும் ஆகிவிடும். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும் என்பதால் காலண்டரில் விரல் வைத்து எண்ணுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள்.

8. சென்னை, திருச்சி, பெங்களூரு மூன்றுக்கும் நம்ம ஊரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான், அதனால் மூன்றிலும் விலை பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் போக திருச்சியே போதும், கூட்டமும் குறைவு. பெங்களூருவில் விமான நிலையம் ஊரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, அந்த நெரிசலுக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

9. டிக்கெட் எடுக்கும் முன் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள். ஊரே கிரிவலப் பாதையில் இருக்கும் ராத்திரியில் பெட்டி ஏற்றிய கார் தெருவைவிட்டு வெளியே வருவதற்குள் விமானம் போய்விடும். கார்த்திகை தீபம் என்றால் முதல் நாளும் மறுநாளும்கூட வேண்டாம், பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும்.

10. பதினைந்தாம் தேதி இரவு 12.40 விமானம் என்றால் வீட்டைவிட்டுக் கிளம்புவது பதினான்காம் தேதி மதியம். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல இப்படி நடுராத்திரியில்தான். காலண்டரில் கிளம்பும் நாளை வட்டம் போடுங்கள், பறக்கும் நாளை அல்ல.

11. சென்னைக்குத் திண்டிவனம் வழி பஸ்ஸில் போனால் இப்போது கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில்தான் இறக்கிவிடுவார்கள். ஒருவகையில் நமக்கு லாபம், விமான நிலையம் அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. நான்கு பேரும் எட்டுப் பெட்டியும் என்றால் மட்டும் வீட்டிலிருந்தே கார் பேசிக்கொள்ளுங்கள்.

12. பத்து நாளில் ஏழு நாடு என்பது லீவே கிடைக்காதவர்களுக்கு. நம்ம ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரரைப் பாருங்கள்: ஓர் அறையை மாத வாடகைக்குப் பிடிப்பார், ஒரு சைக்கிள் எடுப்பார், மார்க்கெட்டில் காய் வாங்கிச் சமைத்துக்கொள்வார், மூன்று செட் துணியை மாற்றி மாற்றித் துவைத்துப் போடுவார். தின வாடகையை 30 ஆல் பெருக்கினால் வருவதைவிட மாத வாடகை எங்கும் குறைவுதான். இரண்டே ஊர் போதும், டிக்கெட் செலவும் மிச்சம்.

13. சீசன் மாதங்களில் கிளம்புகிறவர்கள், அதுவும் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள், பூட்டிப்போட்டுப் போகாமல் வாடகைக்கு விட்டுப் போகலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களை இணையத்தில் பதிய வேண்டும். இதைச் செய்ய அண்ணனோ மைத்துனரோ ஊரில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். கரண்ட் பில் யார் கட்டுவது, முட்டை சமைக்கலாமா, பூஜை அறைச் சாவி யாரிடம் என்பதை முன்பே பேசிவிடுங்கள். பாத்திரங்களில் நல்லது நாலை எடுத்துப் பரணில் போட்டுவிடுங்கள், திரும்பி வந்து தேட வேண்டாம்.

14. பூட்டிப் போகிறவர்கள் உள்ளூர் காவல் நிலையத்தில் தேதிகளோடு எழுதிக் கொடுங்கள், ரோந்து போகும்போது பார்த்துக்கொள்வார்கள். வாசலில் பால் பையும் பேப்பரும் சேர்ந்து கிடந்தால் வீடு காலி என்று ஊருக்கே தெரியும், இரண்டையும் முதல் நாளே நிறுத்திவிடுங்கள். வாசல் தெளித்து இரண்டு இழைக் கோலம் போட வேலைசெய்யும் அக்காவிடம் சொல்லி, அந்த மாதங்களுக்கும் சம்பளத்தில் பாதியாவது கொடுங்கள். காமிராவைவிட இது நல்ல காவல்.

15. ஃப்ரிட்ஜைக் கடைசி வாரத்திலேயே காலி செய்து, அணைத்து, துடைத்து, கதவிடுக்கில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதில் உங்கள் பில் அடங்கிவிடும்.

16. மூன்று மாதம் கழித்துக் கதவைத் திறந்தால் முதலில் வருவது சாக்கடை வாடைதான். குளியலறை ஜாலிக்குக் கீழே வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்துபோவதுதான் காரணம்; கரப்பானும் அந்த வழியாகத்தான் ஏறும். கிளம்பும் நாள் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் மிதப்பதால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. அப்பளம் பொரித்த பழைய எண்ணெயே போதும்.

17. டிரம், குடம், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும். ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரி வயரில் ஒன்றைக் கழற்றிவிட்டால் வந்ததும் மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

18. ஏ.டி.எம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக வேலை செய்யாது. வங்கி ஆப்பில் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். அங்கே கடையிலோ மிஷினிலோ 'ரூபாயில் எடுக்கட்டுமா' என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள். ரூபாய் என்றதும் நமக்குப் பாசம் வரும், மாற்று விலையில் நன்றாகத் தீட்டிவிடுவார்கள்.

19. ஓ.டி.பி. வரும் சிம்முக்குத் திரும்பும் நாள் தாண்டியும் ரீசார்ஜ் போட்டு, ரோமிங்கை இங்கேயே இயக்கிவிடுங்கள். பேச்சுக்கும் நெட்டுக்கும் அந்த ஊர் சிம்மோ இ-சிம்மோ வாங்கிக்கொள்வது மலிவு.

20. டிராவல்ஸ்காரரிடம் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். அது தொலைந்த பணம் இல்லை, பான் எண்ணில் ஏறியிருக்கும். வருமான வரி ரிட்டர்னில் காட்டினால் கட்டவேண்டிய வரியில் கழியும், அல்லது திரும்ப வரும்.

21. மகளுக்கென்று குருமாப் பொடி அரைக்கிறீர்களா? கசகசா சேர்க்காதீர்கள். நமக்கு அது மளிகைச் சாமான். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடைசெய்த பொருள். கெட்டிக்கு முந்திரியோ பொட்டுக்கடலையோ வைத்து அரையுங்கள், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. மிட்டாய்க் கடை இனிப்பின் மேலும் தூவியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

22. அருணாசலேஸ்வரர் கோயில் விபூதி, குங்குமத்தை அச்சடித்த பொட்டலத்தோடு எடுத்துப் போங்கள், வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டினால் என்ன தூள் என்று கேட்பார்கள். கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரைத் தேங்காய் மூன்றும் தீப்பிடிக்கும் சாமான் என்பதால் பெட்டியில் வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், ஊறுகாய், நெய் பெரிய பெட்டியில் மட்டும்.

23. ஆஸ்திரேலியா போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் படிவத்தில் 'உண்டு' என்று குறித்துவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள்; மறைத்தால் அபராதம், வடகத்தின் விலையைவிடப் பல மடங்கு.

24. பிரஷர், சுகர் மாத்திரைகளை மொத்த நாளுக்கும் வாங்கி, அட்டையைப் பிரிக்காமல், கைப்பையில் வையுங்கள். டாக்டரிடம் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் தெளிவாக எழுதி வாங்குங்கள், நம்ம ஊர் பிராண்டை அங்கே யாருக்கும் தெரியாது. கென்யா, உகாண்டா பக்கம் போவதானால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாளுக்கு முன்பே சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளுங்கள்; ஊசி போட்ட அட்டை இல்லாமல் திரும்பினால் நம்ம விமான நிலையத்திலேயே தனிமையில் உட்கார வைப்பார்கள்.

25. தாலிச் செயினும் ஒரு ஜோடி வளையலும் போதும். அதற்கு மேல் போட்டுப் போனால் கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இது என் பழைய நகைதான் என்று வாதாடாமல் சீட்டை நீட்டிவிடலாம்.

26. அரிசி, பருப்பு, புளி என்று எடையை ஏற்றாதீர்கள். சிங்கப்பூரில் தேக்கா, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், லண்டனில் ஈஸ்ட் ஹாம், பாரிஸில் லா ஷப்பெல் என்று கறிவேப்பிலை வரைக்கும் விற்கும் நம்மவர் கடைவீதி இருக்கிறது. இறங்கிய முதல் வாரம் ஊர் பார்க்கப் போகாமல், அந்தக் கடைக்குப் பஸ் எது, பால் எங்கே மலிவு என்று தெரிந்துகொள்ளுங்கள். எடுத்துப் போகவேண்டியது இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றுதான். அதற்குள்ளேயே பொடி டப்பாக்களை அடுக்கிவிடலாம், கேஸ்கெட் மட்டும் கூடுதலாக ஒன்று வையுங்கள்.