நடைத்தாளும் முன்செயலியும்

இணையப் பக்கத்தின் நிறம், எழுத்தளவு, இடைவெளி முதலியவற்றை விதிப்பது சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாளாகும். 1994-ஆம் ஆண்டில் ஹோக்கன் வியூம் லீ என்பார் முன்மொழிந்த இம்மொழி எளிதே. ஆயினும் ஒரே நீலத்தை நாற்பது இடங்களில் எழுதியவன் அதனை மாற்றப் புகுங்கால் படும்பாடு சொல்லுந்தரமன்று. இக்குறை நீக்க எழுந்தனவே முன்செயலிகள். 2006-இல் சாஸும் 2009-இல் லெஸ்ஸும் தோன்றின. புதிதாய்க் கற்போர் சாஸையே கொள்க.

மாணவ நண்பர்காள், முதற்கண் உணரத்தக்கது யாதெனில், உலாவி சாஸை அறியாது. நாம் எழுதும் மூலக்கோப்பைச் சாஸ் வாசித்து, உலாவி அறியும் நடைத்தாளாக மாற்றித் தருகின்றது. கட்டளை வரியில் மூலத்தின் பெயரையும் விளைவின் பெயரையும் கொடுத்தாற் போதும். அவசரத்தில் விளைவுக்கோப்பையே திருத்துவாரும் உளர். அடுத்த முறை மாற்றுங்கால் அத்திருத்தம் முழுதும் அழிந்தொழியும்.

டாலர் குறியிட்ட மாறியில் நிறத்தை ஒருமுறை குறித்து, வேண்டுமிடமெல்லாம் அப்பெயரை எழுதலாம். விதிக்குள் விதியை அடுக்கலும் கூடும். மயங்குமிடம் இதுவே: மெனுவுக்குள் பட்டியல், அதற்குள் உருப்படி, அதற்குள் இணைப்பு என அடுக்கிக்கொண்டே செல்லின், விளையும் தேர்வியும் அத்துணை நீண்டு, பின்னர் எளியதொரு விதியால் அதனை மேற்கொள்ளல் அரிதாகும். மூன்றடுக்கோடு நிற்றல் நன்று.

2023 முதல் முன்னணி உலாவிகள் யாவும் அடுக்கலை அறிகின்றன, மாறிகளும் சி.எஸ்.எஸ்.இலேயே உள. பின் சாஸ் எதற்கெனின், கூறுவாம். சாஸின் மாறி நடைத்தாளாக மாறும்போதே மறைந்துவிடும், சி.எஸ்.எஸ். மாறியோ உலாவியிலும் நிலைத்து, பக்கம் இரவு நிறம் பூணுங்கால் உடன் மாறும். எனவே ஒன்று மற்றொன்றிற்கு ஈடன்று. பெருந்தளமொன்றின் விதிகளைப் பல கோப்புகளாகப் பகுத்து ஒன்றுசேர்த்தலிலேயே சாஸின் பயன் விளங்கும். இதற்குப் பழைய பாடங்கள் ‘இம்போர்ட்’ என்பதைக் கற்பிக்கும். அது 2024-இல் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டமையின் ‘யூஸ்’ என்பதையே பயில்க.